கடைசி மூன்று துளைகள்

உஷியாமா சான் தன் தோல் பையை என் மேசையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் முகர்ந்து பாருங்க" என்றார்.

பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஜன்னலுக்கு வெளியே சுவா ஏரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை உறைந்து கிடந்தது. நான் எதையும் முகர்ந்து பார்க்கிற மனநிலையில் இல்லை. திரையில் என் வரைபடம் திறந்திருந்தது. அதே அச்சுத் தலை, அதே கடைசி மூன்று துளைகள், ஐந்தாவது திருத்தம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். வந்து உட்கார்ந்து, இந்த வேலையைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூட்டை கட்டத்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதினோரு வருடம் இந்த ஒரு தலைக்காகவே குப்பை கொட்டியிருக்கிறேன். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பேன், ஒரு துளி மை பிரிந்து விழ எத்தனை மைக்ரோ நொடி ஆகும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்படிப்பட்டவனிடம் வந்து ஒரு பழைய பையை முகர்ந்து பார் என்றால் எப்படி இருக்கும்.

விஷயம் இதுதான். வீட்டில் இருக்கும் பிரிண்டரில் இப்படியும் அப்படியும் ஓடுமே ஒரு பாகம், அதைத்தான் தலை என்கிறோம். நாங்கள் செய்வது காகிதத்துக்கானது இல்லை, பட்டுக்கானது. கியோட்டோவில் ஒரு சாயப்பட்டறை இதற்காக மூன்று வருடமாகக் காத்திருக்கிறது. ஒரு தலையில் முந்நூற்று அறுபது துளைகள் வரிசையாக இருக்கும். ஒரு தலைமுடியின் அகலத்தில் அப்படிப்பட்ட துளைகள் மூன்றை அடக்கிவிடலாம். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் சீப்பின் பல் மாதிரி ஒரு பீங்கான் பல். மின்சாரம் தொட்டால் அந்தப் பல் துள்ளும், துள்ளினால் ஒரு துளி மை வெளியே வரும். பல்லுக்கு மின்சாரம் கொண்டுபோவது அதன்மேல் இருக்கிற மெல்லிய வெள்ளிப் பூச்சு. முந்நூற்று அறுபதில் ஒன்று செத்தாலும் போதும், பட்டின் நீளம் முழுக்க ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.

டிசம்பரிலிருந்து எங்களுக்குத் துளைகள் செத்துக்கொண்டிருந்தன. எல்லாத் தலைகளிலும் இல்லை, சிலவற்றில். எப்போதும் வலது ஓரத்துக் கடைசி மூன்று. நான் என்ன நினைத்தேன் என்றால், நடுவில் இருக்கிற பல்லுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர் உண்டு, ஓரத்துப் பல்லுக்கு ஒரு பக்கம் ஆளே இல்லை, அதனால் அது வேறு மாதிரி அதிர்கிறது என்று. பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஓரத்தை அகலமாக்கினேன், குறுக்கினேன், போலிப் பற்கள் வைத்தேன். நான்கு திருத்தம் செய்தும் சாவது சாகத்தான் செய்தது. இடது ஓரமும் ஓரம்தானே, அது ஏன் சாகவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாததுதான் வேடிக்கை. படித்தவன் முட்டாளாவதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் ஆகிவிட்டால் முழுசாக ஆகிவிடுவான்.

உஷியாமா சான் எங்கள் மாதிரித் தயாரிப்பு அறையில் தலைகளைக் கையால் பூட்டுகிறவர். ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே நுண்ணோக்கி. ஆனாலும் அவர் நிரந்தர ஊழியர் இல்லை, வருடா வருடம் மார்ச் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். நான் வரைவதையெல்லாம் உண்மையில் செய்வது அவர் விரல்கள்தான். கைக்கடிகாரம் செய்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டுகிற ஆள் பாகங்களைப் பிடித்து வைக்கும் சிறு இடுக்கியை, அதாவது தன் சாமணத்தைத் தானே வைத்துக்கொள்வார், அதன் முனையைத் தானே சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வார். அடுத்தவர் சாமணத்தை யாரும் தொட மாட்டார்கள், பல் துலக்கும் பிரஷ் மாதிரி. உஷியாமா சானிடம் மூன்று சாமணங்கள் இருந்தன. அவற்றை ஒரு மான்தோல் பையில் சுருட்டி வைத்திருப்பார். துருப்பிடிக்கக் கூடாது என்று, வேலை நேரத்தில் பையை ஈரம் புகாத பெட்டிக்குள் வைப்பார். பீங்கான் சீப்புகள் ஒருநாள் முழுக்கக் காய்வதும் அதே பெட்டிக்குள்தான்.

ஜனவரியில் ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "மொரோசுமி சான், திங்கக்கிழமை பெட்டில வச்சதுதான் சாகுதுன்னு தோணுது" என்றார். அன்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் சொன்னதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "நீங்க ஒட்டுங்க. யோசிக்கிறதை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. நான் அதையும் கவனிக்கவில்லை.

இப்போது அந்த உஷியாமா சான்தான் பையோடு நின்றுகொண்டிருந்தார். வேண்டா வெறுப்பாக எடுத்து முகர்ந்தேன்.

"ஒண்ணும் வரலையே."

"எனக்கும் இத்தனை வருஷமா வரல. போன ரெண்டு வாரம் சளி பிடிச்சு மூக்கு சுத்தமா அடைச்சிருந்துச்சு. நேத்துதான் திறந்துச்சு. இன்னிக்குக் காலைல பெட்டியத் திறந்தா, லேசா எங்க வீட்டுக் குளியலறை வாசனை."

எனக்கு ஒரு நிமிடம் ஓடவில்லை. பிறகு ஓடியது. எங்கள் ஊரில் வெந்நீர் ஊற்று குழாய்வழியாக வீட்டுக்கே வரும். மண்ணுக்கடியிலிருந்து சூடாக வருகிற தண்ணீர், அதில் கந்தகம் இருக்கும். வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் அவித்த முட்டை நாறுகிறது என்பார்கள். எங்களுக்கு அது நாற்றமும் இல்லை, வாசனையும் இல்லை, ஒன்றுமே இல்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே குளித்தவனுக்கு மூக்கு எப்படிச் சொல்லும்.

"முன்னெல்லாம் சமையலறைல வச்சுத்தான் தீட்டுவேன்" என்றார் அவர். "வயசாகுதுல்ல, இந்த டிசம்பர்லருந்து குழாய்த் தண்ணில விரல் மரத்துப்போயிருது. அதான் ஞாயித்துக்கிழமை குளியலறைல உக்காந்து, அந்த வெந்நீரத் தொட்டுத் தொட்டுத் தீட்டறேன். பை பக்கத்துலயே கிடக்கும். ஆவி முழுக்க அதுலதான் ஏறும். அப்படியே திங்கக்கிழமை எடுத்துட்டு வந்து பெட்டிக்குள்ள, வலது மூலைல வைப்பேன். எப்பவும் வலது மூலைலதான்."

கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அலமாரியிலிருந்து ஒரு செத்த தலையை எடுத்துப் பிரித்து, பற்களை நுண்ணோக்கியில் வைத்தேன். மூன்று மாதமாகத் துளையைப் பார்த்தேன், மை போகிற வழியைப் பார்த்தேன், வெள்ளிப் பூச்சைப் பார்க்கவே இல்லை. வலது ஓரத்தில் மூன்று பற்கள் மட்டும் தேநீர்க் கறை படிந்த கிண்ணம் மாதிரி பழுப்பேறி இருந்தன. கறை படிந்த இடத்தில் மின்சாரம் கொண்டுவரும் கம்பி ஒழுங்காக ஒட்டாது, மின்சாரம் போகாது. பதிவேட்டைப் புரட்டினேன். டிசம்பரிலிருந்து செய்த பதினேழு தலைகளில் ஆறு செத்திருந்தன. ஆறுமே திங்கட்கிழமை பெட்டிக்குள் இருந்தவை. என் வரைபடத்தில் ஒரு தப்பும் இல்லை. முதல் வரைபடத்திலேயே இல்லை.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நிமிடத்தில் வெட்கமும் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே இந்தப் பெண்மணி வந்து கதவைத் தட்டினார், நான்தான் திறக்கவில்லை.

"நாளைக்குக் காலைக் கூட்டத்துல நானே சொல்லிடறேன்" என்றார் உஷியாமா சான்.

"மார்ச்ல உங்க ஒப்பந்தம்..."

"தெரியும்."

"பெட்டிக்குள்ள எங்கிருந்தோ கந்தகம் வந்திருக்குன்னு சொல்லிக்கலாமே. உங்க பேரு எதுக்கு."

அவர் சிரித்தார். "தலைமை அலுவலகத்துக்காரங்க அஞ்சு தடவை ஏன் ஏன்னு கேப்பாங்க. மூணாவது ஏன்லயே நீங்க உளற ஆரம்பிச்சிருவீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சிடுசிடுக்கத்தான் வரும்."

அவர் சொன்னது சரிதான். பெயரைச் சொல்லாவிட்டால் யாரும் நம்பப்போவதில்லை, பழி மறுபடி என் வரைபடத்தின்மேல்தான் விழும். என் வேலை பிழைக்க வேண்டுமானால் அவர் நாற்காலி ஆட வேண்டும். இதில் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் விடாப்பிடியாக நின்றபோது என் மனதின் ஒரு மூலை, அப்பாடா என்றது. அந்த மூலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டத்தில் பதினாறு பேர் வட்டமாக நின்றோம். தவறோ, தவறு நடக்கவிருந்ததோ, எதுவாக இருந்தாலும் அதற்கு எங்களிடம் ஒரு படிவம் உண்டு. அதில் 'செய்தவர்' என்று கட்டம் கிடையாது, 'கவனித்தவர்' என்றுதான் இருக்கும். அந்தக் கட்டத்தில் உஷியாமா சான் தன் பெயரை எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் பையை எங்கள் பிரிவுத் தலைவர் இவானாமி சானிடம் நீட்டினார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். அவர் நிதானமாக முகர்ந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று பக்கத்து ஆளிடம் கொடுத்தார். பை வட்டமாகச் சுற்றியது. ஒவ்வொருவரும் மூக்கைச் சுருக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"உங்க வீட்டுக்கு எந்தக் குழாய்? மலைப்பக்கமா?"

"இல்ல, ஸ்டேஷன் பக்கம்."

"ஸ்டேஷன் பக்கத்துத் தண்ணில ஏது கந்தகம். எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, தங்கமே கறுக்கும்."

பை குவாபாரா கைக்கு வந்தது. யோகோஹாமாவிலிருந்து இரண்டு வருடம் முன்பு மாற்றலாகி வந்த அளவீட்டுப் பொறியாளர். அவர் முகரவே இல்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு காதுவரை சிவந்துபோய் நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "திங்கக்கிழமை அந்தப் பெட்டியத் திறந்தாலே அவிச்ச முட்டை வாசனை வரும்."

"வரும்னா, எப்பலருந்து?"

"டிசம்பர்லருந்து."

"ஏன்யா சொல்லல?" என்று நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

"யாரோ மதியச் சாப்பாட்டை உள்ள வைக்கிறாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் என்னைவிடப் பெரியவங்க. எப்படிக் கேக்கறது? மரியாதையா இருக்காதே."

முதலில் சிரித்தது உஷியாமா சான்தான், பிறகு எல்லோரும். குவாபாரா திரும்பத் திரும்பக் குனிந்து வணங்கிக்கொண்டே இருந்தார். வட்டத்தில் அவர் ஒருவர் வீட்டில்தான் சாதாரணக் குழாய்த் தண்ணீர். மிச்சப் பதினைந்து பேரும் உஷியாமா சான் மாதிரி வாசனை பிடிக்காத மூக்கோடுதான் நின்றுகொண்டிருந்தோம்.

இவானாமி சான் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். "சரி, கவனிச்சதுக்கு நன்றி" என்று உஷியாமா சானைப் பார்த்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். பிறகு, "இதை நாமளே வேணும்னு செஞ்சு காட்டணும். அப்பதான் வர்றவங்க ஏத்துப்பாங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள முடியுமா?" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உஷியாமா சானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போலக் குளியலறையில் உட்கார்ந்து தீட்டினார். "கம்பெனி உத்தரவுல குளிக்கப் போற முதல் ஆள் நீதான்னு வீட்டுக்காரர் கேலி பண்றார்" என்று மறுநாள் சொன்னார். திங்கட்கிழமை ஒரே பீங்கானிலிருந்து அறுத்த இரண்டு சீப்புகளை இரண்டு பெட்டிகளில் வைத்தோம். ஒன்றில் வலது மூலையில் பை. இன்னொன்றில் ஒன்றும் இல்லை. அன்று முழுக்க நான் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த அறைக்கு ஏழு தடவை போனேன். எனக்கு வந்த பயம் புதுமாதிரியானது. ஒருவேளை இரண்டும் பிழைத்துக்கொண்டால்? என் வேலையும் போய், அவரும் ஒன்றும் இல்லாததற்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டவர் ஆகிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் இரண்டு தலைகளையும் பூட்டினார். அவர் வேலை செய்யும்போது நான் அதுவரை நின்று பார்த்ததே இல்லை. சாமணத்தின் முனையில் கண்ணுக்கே தெரியாத கம்பியை எடுத்து, மூச்சை வெளியே விட்டு முடித்த பிறகு இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் கொண்டுபோய் வைக்கிறார். அப்படி எத்தனையோ தடவை. என் வரைபடத்தில் அது ஒரு கோடு, அவ்வளவுதான்.

சோதனை மேடையில் துளிகள் விழும் வேகத்துக்கு ஏற்ப ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னும். அந்த வெளிச்சத்தில் துளிகள் விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும். முதல் தலை, பை இல்லாத பெட்டியில் இருந்தது. குவாபாரா கேமராவை இடமிருந்து வலமாக நகர்த்தினார். முந்நூற்று அறுபது துளிகளும் வரிசை பிசகாமல் நின்றன. இரண்டாவது தலையை மாட்டினார். நூறு, இருநூறு, முந்நூறு. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, சாகட்டும், சாகட்டும் என்று என் சொந்தத் தலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு நின்றேன். உஷியாமா சான் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை. முந்நூற்று ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. அதற்கப்புறம் திரை இருட்டு.

"செத்திருக்கு" என்றார் உஷியாமா சான். "மூணும் செத்திருக்கு."

நான் அவர் பக்கம் திரும்பி இடுப்பை வளைத்து, எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்தேன். நன்றி என்றேன். அந்த வார்த்தை போதவில்லை, வேறு வார்த்தையும் வரவில்லை.

"எந்திரிங்க, கேமராவுல தலை இடிக்கப் போகுது."

"ஜனவரில நான் உங்ககிட்ட சொன்னது..."

"எதைச் சொல்றீங்க?"

அவருக்கு உண்மையிலேயே நினைவில்லையா, இல்லாததுபோல் இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

புதன்கிழமை மதியம், யாரும் இல்லாத நேரத்தில், நான் எங்கள் அறைக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக்குப் போய் ஒரு சாணைக்கல்லையும் பழைய சாமணத்தையும் வைத்துத் தீட்டிப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் என் விரல்கள் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டன. முனையையும் கோணலாக்கினேன்.

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் வந்தார்கள். உஷியாமா சான் சொன்னபடியே கேட்டார்கள். துளை ஏன் செத்தது? வெள்ளி கறுத்ததால். ஏன் கறுத்தது? பையிலிருந்த கந்தகத்தால். பையில் ஏன் கந்தகம்? குளியலறையில் தீட்டியதால். இதற்கெல்லாம் உஷியாமா சான் எழுந்து நின்று, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். ஏன் குளியலறை? வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும் என்பதால்.

"அப்ப ஏன் இங்கயே தீட்டல?" என்றார் அவர்களில் மூத்தவர்.

உஷியாமா சான் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "இங்க குழாயில வெந்நீர் கிடையாது. மூணு நிமிஷத்துக்கு மேல கை தாங்காது. நான் செஞ்சு பாத்தேன்." சொல்லிவிட்டுக் கோணலான சாமணத்தை மேசையில் வைத்தேன்.

மூத்தவர் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது சிவந்த கையைக் கைக்குட்டையில் பொத்தியிருந்தார். உட்கார்ந்து பேனாவை எடுத்தார், அது நழுவி விழுந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "நீங்க எழுதுங்க. காரணம், குழாயில் வெந்நீர் இல்லை" என்றார்.

வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். மார்ச் கடைசியில் உஷியாமா சானுக்குப் புது ஒப்பந்தமும் வந்தது. கியோட்டோவுக்கு எட்டுத் தலைகள் அனுப்பியிருக்கிறோம். முதல் பட்டு இன்னும் வரவில்லை, எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. குழாய்க்கு வெந்நீர் போட விண்ணப்பம் கொடுத்து அதுவும் நடந்துகொண்டிருக்கிறது, எங்கள் கம்பெனி வேகத்தில்.

அதுவரைக்கும் திங்கட்கிழமைக் காலை எட்டு மணிக்கு அலுவலகச் சமையலறையில் கெண்டியை அடுப்பில் வைப்பது என் வேலை. சாதாரணக் குழாய்த் தண்ணீர்தான். குவாபாரா ஒருதரம் முகர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டுவார். நான் அதைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய் ஒரு எனாமல் கிண்ணத்தில் ஊற்றுவேன். உஷியாமா சான் இரண்டு கையையும் அதில் முக்கி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சாமணத்தை எடுத்துக் கல்லின்மேல் வைப்பார். ஆவி அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்து வெள்ளையாகும். அவர் அதைத் துடைக்க மாட்டார். சத்தத்தை வைத்தே தீட்டுவார். நான் காலிக் கெண்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.